மூடிய ஸ்னோமொபைல் ட்ரெயிலர்: வாங்கும் முன் உங்கள் வாகனத்தின் கதவைத் திறந்து பாருங்கள்

கனடாவில் குளிர்காலம் தொடங்கிவிட்டால், வெள்ளிக்கிழமை மாலைகளில் ரொறன்ரோவிலிருந்து வடக்கே செல்லும் 400ஆம் நெடுஞ்சாலையில் ஸ்னோமொபைல்களை இழுத்துச் செல்லும் வாகனங்கள் வரிசையாகப் போகும். ஒன்ராறியோ ஸ்னோமொபைல் கழகங்களின் சம்மேளனம் பராமரிக்கும் பனித்தடங்கள் மட்டுமே ஏறத்தாழ 30,000 கிலோமீற்றர் நீளமானவை. அவற்றில் பெரும்பகுதி நகரங்களிலிருந்து பல மணிநேரத் தொலைவில் இருக்கின்றன. ஆகவே ஸ்னோமொபைல் வாங்குபவருக்கு அடுத்த செலவாக வருவது அதை ஏற்றிச் செல்லும் ட்ரெயிலர்தான்.

திறந்த ட்ரெயிலர் மலிவானது. ஆனால் கனேடிய வீதிகளில் கொட்டப்படும் உப்பும் சேறும் வழிநெடுக இயந்திரத்தின் மீது படியும். இரவு தங்கும் இடத்தில் திருட்டுப் பயமும் உண்டு. அதனால் பலர் நான்கு சுவரும் கூரையும் கொண்ட மூடிய ட்ரெயிலரைத் தேடுகிறார்கள். உடை மாற்றலாம், கருவிகளை வைக்கலாம், கோடையில் வீட்டுச் சாமான்களையும் ஏற்றலாம் என்பவை கூடுதல் நன்மைகள்.

வாங்கப்போகிறவர்கள் பொதுவாகக் கேட்பது, "இதில் எத்தனை ஸ்னோமொபைல் ஏற்றலாம்?" என்றுதான். விற்பனையாளரும் அதற்குத்தான் பதில் சொல்வார். முதலில் கேட்கவேண்டிய கேள்வி, "என் வாகனம் இதைத் தாங்குமா?" என்பது. அதற்கான பதில் ட்ரெயிலர் விற்கும் இடத்தில் கிடைக்காது. உங்கள் வாகனத்தின் சாரதி பக்கக் கதவைத் திறந்தால் அங்கே ஒட்டியிருக்கும் சிறு தாளில் கிடைக்கும்.

விளம்பரத்தில் வரும் எண்

வாகன விளம்பரங்களில் பெரிதாகப் போடப்படுவது இழுதிறன். வட அமெரிக்காவில் இதை இன்னமும் இறாத்தலில்தான் சொல்வார்கள். சாதாரண சிறிய எஸ்யூவிகள் பலவற்றுக்கு இது 1,500 இறாத்தல், அதாவது சுமார் 680 கிலோ. ரொயோட்டா சியெனா, ஹொண்டா ஒடிசி போன்ற குடும்ப வான்களுக்கு 3,500 இறாத்தல், அதாவது 1,588 கிலோ. பெற்றோலில் மட்டும் ஓடும் ரொயோட்டா ஹைலாண்டர் போன்ற நடுத்தர எஸ்யூவிகளுக்கு 5,000 இறாத்தல், அதாவது 2,268 கிலோ. பெரிய பிக்கப் வாகனங்களுக்கு அதைவிட இரண்டு மடங்குக்கு மேலும் போகும்.

ஒரே பெயருள்ள வாகனத்திலும் இந்த எண் மாறும். ஹைபிரிட் ஹைலாண்டரின் இழுதிறன் 3,500 இறாத்தல் மட்டுமே. இயந்திரம், பல்லிணைப்பு விகிதம், இழுவைக்கான குளிர்விப்புச் சாதனங்கள் பொருத்தப்பட்டுள்ளனவா என்பவற்றைப் பொறுத்து எல்லை வேறுபடும். ஆகவே அயலவரின் வாகனம் இழுக்கிறது, என்னுடையதும் அதே வாகனம்தான் என்று முடிவெடுக்கக்கூடாது.

இழுதிறன் எப்படிக் கணிக்கப்படுகிறது என்பதையும் அறிந்திருக்கவேண்டும். அமெரிக்க வாகனப் பொறியியலாளர் சங்கத்தின் ஜே 2807 என்ற நியமத்தைப் பல உற்பத்தியாளர்கள் பின்பற்றுகிறார்கள். அதன் ஏற்றப் பரீட்சைக்கு அடிப்படையாக இருப்பது அரிசோனாவில் டேவிஸ் அணைக்கு அருகேயுள்ள நீண்ட பாலைவன ஏற்றம். வாகனத்தில் 68 கிலோ எடையுள்ள இருவர் மட்டுமே இருப்பதாக அந்தக் கணிப்பு கொள்கிறது. குளிர்கால மேலுடைகளுடன் ஐந்து பேர் ஏறி, உறைபனி படிந்த வீதியில் போவதற்கான எண் அல்ல அது.

முதலில் தீர்ந்துபோவது சுமைதிறன்

கதவைத் திறந்ததும் தெரியும் தாளில், பயணிகளும் பொருட்களும் சேர்ந்து எத்தனை கிலோவைத் தாண்டக்கூடாது என்று எழுதியிருக்கும். இதுதான் சுமைதிறன். வாகனத்தின் சில்லுகளும் அச்சுகளும் தம் மீது தாங்கக்கூடிய அளவு இது. பின்னால் இழுக்கக்கூடிய அளவு வேறு, மேலே தாங்கக்கூடிய அளவு வேறு.

ட்ரெயிலர் பின்னால்தானே வருகிறது, அதற்கும் சுமைதிறனுக்கும் என்ன தொடர்பு என்று தோன்றலாம். ட்ரெயிலரின் முன்முனை உங்கள் வாகனத்தின் ஹிட்ச் எனப்படும் கொளுவியின் மீது அமர்கிறது. அது கீழ்நோக்கி அழுத்தும் எடையை ஆங்கிலத்தில் 'டங் வெயிட்' என்பார்கள். நாம் கொளுவிச்சுமை எனலாம். சுமையேற்றிய ட்ரெயிலரின் மொத்த எடையில் 10 முதல் 15 வீதம் வரை கொளுவிச்சுமையாக இருக்கவேண்டும். அந்தச் சுமை முழுவதும் பயணிகளோடும் பொதிகளோடும் சேர்த்து உங்கள் சுமைதிறனில் கழிகிறது.

இதைக் குறைத்துவிட்டால் போயிற்று என்று நினைப்பது ஆபத்து. முன்முனை இலேசாகி எடை பின்பக்கம் கூடினால், ட்ரெயிலர் நெடுஞ்சாலை வேகத்தில் பாம்புபோல நெளியத் தொடங்கும். அந்த நெளிவு வளர்ந்தால் வாகனத்தையே திருப்பிவிடும். பனி வீதியில் அதை மீட்பதற்கு மிகக் குறைந்த நேரமே கிடைக்கும். கொளுவிச்சுமை கூடினால் வேறு பிரச்சினை. வாகனத்தின் பின்பக்கம் தாழ்ந்து முன்பக்கம் எழும். பல குடும்ப வான்கள் முன்சில்லுகளால் இயங்குபவை. திசை திருப்புவதும் இழுப்பதும் அதே சில்லுகள்தான். அவற்றின் மீதுள்ள எடை குறைந்தால் பனியில் பிடிப்பும் குறையும்.

இரண்டு கணக்குகள்

எண்களாகப் பார்த்தால் இது தெளிவாகும். கீழே உள்ளவை உதாரணக் கணக்குகள். உங்கள் வாகனத்தின் தாளிலுள்ள எண்ணைப் போட்டு நீங்களே செய்து பார்க்கவேண்டும்.

முதலாவது, 3,500 இறாத்தல் இழுதிறனும் 550 கிலோ சுமைதிறனும் கொண்ட ஒரு வான். தலா 80 கிலோ வீதம் நான்கு பெரியவர்கள் 320 கிலோ. பயணப்பொதிகள் 60 கிலோ. கொளுவிக்கு 20 கிலோ. மீதி 150 கிலோ. இதுதான் கொளுவிச்சுமைக்குக் கிடைக்கும் இடம்.

எரிபொருள் நிரப்பிய ஸ்னோமொபைல் ஒன்றை 270 கிலோ என்று கொள்வோம். விற்பனைத் தாள்களில் காணப்படுவது எண்ணெயும் எரிபொருளும் இல்லாத உலர் எடை. உண்மையில் பெற்றோல் மட்டும் 25 கிலோவுக்கு மேல் சேர்ந்துவிடும். திரும்பிவரும்போது அடியில் ஒட்டிய பனியும் எடைதான். இரண்டு ஸ்னோமொபைல்கள் 540 கிலோ. தலைக்கவசம், எரிபொருள் கலன்கள், கருவிகள் 100 கிலோ. உயரம் குறைந்த, அலுமினியச் சட்டமுள்ள மூடிய ட்ரெயிலர் 500 கிலோ. மொத்தம் 1,140 கிலோ. அதில் 12 வீதம் 137 கிலோ. வான் தாங்கும். ஆனால் 13 கிலோதான் மிச்சம். இன்னொருவர் ஏறினால் எல்லை தாண்டிவிடும்.

அதே இரண்டு ஸ்னோமொபைல்களை ஆள் நிற்கும் உயரமுள்ள, 950 கிலோ எடையுள்ள ட்ரெயிலரில் ஏற்றினால் மொத்தம் 1,590 கிலோ. இழுதிறனே தாண்டிவிட்டது. கொளுவிச்சுமை 191 கிலோ. இருப்பதோ 150. ஏற்றிய பொருட்கள் அவையே. ட்ரெயிலர் மட்டும்தான் மாறியது.

இரண்டாவது, 4 தொன்னுக்கு மேல் இழுக்கும் என்று விளம்பரப்படுத்தப்பட்ட ஒரு பிக்கப். சுமைதிறன் 700 கிலோ. ஐந்து பெரியவர்கள் 400 கிலோ. பின்தட்டில் பொருட்கள் 100 கிலோ. கொளுவி 25 கிலோ. மீதி 175 கிலோ. நான்கு ஸ்னோமொபைல் ஏற்றும் ட்ரெயிலர் 1,350 கிலோ, ஸ்னோமொபைல்கள் 1,080 கிலோ, ஏனையவை 200 கிலோ. மொத்தம் 2,630 கிலோ. இழுதிறனுக்குள் தாராளமாக அடங்குகிறது. ஆனால் அதன் 12 வீதமான 316 கிலோ, மீதமுள்ள 175 கிலோவைவிட மிக அதிகம். 4 தொன் இழுக்கும் வாகனம் 2.6 தொன்னில் தோற்றுப்போகிறது. இருவர் மட்டும் ஏறினால் மீதி 415 கிலோவாகும். அப்போது அதே வாகனம் அதே ட்ரெயிலரைத் தாங்கும். ஏனையோர் இன்னொரு காரில் வந்தால் போதும்.

ஆகவே எத்தனை ஸ்னோமொபைல் என்பதோடு எத்தனை பேர் என்பதையும் தீர்மானித்த பிறகே ட்ரெயிலரைப் பார்க்கவேண்டும். இவற்றைவிட, கொளுவிக்கும் அதன் உருண்டைக்கும் தனித்தனி எல்லைகள் உண்டு. வாகனம், கொளுவி, உருண்டை ஆகியவற்றில் எது மிகக் குறைவோ அதுவே உங்கள் எல்லை. எடைப்பகிர்வுக் கொளுவி என்ற சாதனம் சுமையின் ஒரு பகுதியை முன்சில்லுகளுக்கு மாற்ற உதவும். எல்லா வாகனங்களும் அதை அனுமதிப்பதில்லை. சில பிக்கப்களில் அது இல்லாமல் 5,000 இறாத்தலுக்கு மேல் இழுக்கக்கூடாது. இரண்டு செய்திகளும் வாகனக் கைந்நூலில் இருக்கும்.

காற்றும் ஒரு சுமை

திறந்த ட்ரெயிலருக்கு எடை மட்டும்தான் கேள்வி. மூடிய ட்ரெயிலருக்கு முகப்பின் பரப்பும் ஒரு கேள்வி. 2.6 மீற்றர் அகலமும் 2.1 மீற்றர் உயரமும் கொண்ட பெட்டியின் முகப்பு ஏறத்தாழ 5.5 சதுர மீற்றர். உயரம் குறைந்த, 1.3 மீற்றர் உயரமும் 2.5 மீற்றர் அகலமும் கொண்ட பெட்டிக்கு இது 3.25 சதுர மீற்றர் மட்டுமே. பின்னது வாகனத்தின் முதுகுக்குப் பின்னால் பெரும்பாலும் மறைந்துவிடும். பல வாகனக் கைந்நூல்கள் முகப்புப் பரப்புக்கும் ஓர் உச்ச எல்லையைக் குறிப்பிடுகின்றன. எடை சரியாக இருந்தாலும் இந்த எல்லையைத் தாண்டும் ட்ரெயிலர் அந்த வாகனத்துக்கு உரியதல்ல.

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். 90 கிலோமீற்றரிலிருந்து 110 கிலோமீற்றருக்கு வேகத்தைக் கூட்டினால் எதிர்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். எரிபொருள் செலவும் அதற்கேற்ப ஏறும். ட்ரெயிலரின் முன்பக்கம் தட்டையாக இல்லாமல் ஆப்புபோலக் கூர்ந்திருப்பது ஓரளவு உதவும். அந்தக் கூம்புப் பகுதியில் பொருட்கள் வைக்கவும் இடம் கிடைக்கும். ஆனால் பெரிய பக்கச்சுவரில் அடிக்கும் குறுக்குக்காற்றுக்கு அது பரிகாரமல்ல. பரி நகரை அண்டிய பகுதிகளில் ஜோர்ஜியன் விரிகுடாவிலிருந்து திடீரென வீசும் பனிப்புயலில் உயரமான பெட்டியை இலேசான வாகனத்தால் இழுப்பது பெரும் சோதனை.

அகலமா, நீளமா?

ஸ்னோமொபைல் ஒன்றின் அகலம் ஏறத்தாழ 1.2 மீற்றர். இரண்டைப் பக்கம் பக்கமாக நிறுத்த எட்டரை அடி அகல ட்ரெயிலர் வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்துவதானால் ஏழு அடி அகலம் போதும், ஆனால் நீளம் இருபது அடியைத் தாண்டும்.

எட்டரை அடி ட்ரெயிலர் குட்டையாக இருக்கும். பின்னோக்கிச் செலுத்தும்போது வேகமாகத் திரும்பும். பழக்கமில்லாதவருக்கு இது சிரமம். வாகனத்தைவிட அகலமாக இருப்பதால் இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும். வெளியே நீளும் பக்கக் கண்ணாடிகள் தேவைப்படலாம். ஏழு அடி ட்ரெயிலர் வாகனத்தின் தடத்திலேயே வரும், கண்ணாடியிலும் பின்பக்கம் தெரியும். ஆனால் அதை நிறுத்த வீட்டு வாசலில் நீளமான இடம் வேண்டும். வாங்குவதற்கு முன் உங்கள் நகரசபை வீட்டு முற்றத்தில் ட்ரெயிலர் நிறுத்த அனுமதிக்கிறதா என்று கேட்பது நல்லது. பல நகரங்களில் கட்டுப்பாடு உண்டு.

ஏற்றும் முறை அடுத்த விடயம். முன்னும் பின்னும் சாய்தளக் கதவு இருந்தால் பின்னால் ஏற்றி முன்னால் இறக்கலாம். பின்கதவு மட்டும் இருந்தால் ஸ்னோமொபைலைப் பின்னோக்கி நகர்த்தவேண்டும். பல ஸ்னோமொபைல்களில் பின்னோக்கி ஓடும் வசதி உண்டு, பழையவற்றில் இருக்காது. உயரம் குறைந்த சில ட்ரெயிலர்களில் மூடி முழுவதும் சிப்பியைப்போல மேலே திறக்கும்.

ஸ்னோமொபைலின் இயந்திரம் முன்பக்கத்தில் இருப்பதால் அதன் எடையும் முன்பக்கமே. முகம் முன்னோக்கி ஏற்றினால் எடை கொளுவியை நோக்கி நகரும். திருப்பி ஏற்றினால் பின்னோக்கி நகரும். இந்த ஒரு மாற்றமே கொளுவிச்சுமையை எல்லைக்கு வெளியே கொண்டுபோகலாம். ஏற்றியபின் சறுக்குக்கட்டைகளைக் குறுக்குச்சட்டத்தால் அழுத்திப் பூட்டவேண்டும், பின்பக்கத்தைப் பட்டியால் இறுக்கவேண்டும்.

ட்ரெயிலரின் தகட்டைப் படியுங்கள்

ட்ரெயிலருக்கும் ஒரு தகடு உண்டு. அதில் மொத்த எடை எல்லை எழுதியிருக்கும். அதிலிருந்து வெற்று எடையைக் கழித்தால் எவ்வளவு ஏற்றலாம் என்பது தெரியும். சந்தையில் 2,990 இறாத்தல் எல்லையுள்ள ஒற்றை அச்சு ட்ரெயிலர்கள் ஏராளம். 3,000 இறாத்தலில் பிரேக் சட்டம் தொடங்கும் இடங்கள் பல இருப்பதால் அதற்குச் சற்றுக் கீழே வைத்துவிடுகிறார்கள். உருக்குச் சட்டமுள்ள அத்தகைய ட்ரெயிலர் வெறுமையாகவே 1,800 இறாத்தல் இருந்தால், மீதி 1,190 இறாத்தல், அதாவது 540 கிலோ. நம் கணக்கிலுள்ள இரண்டு ஸ்னோமொபைல்களோடு அது முடிந்துவிடும். ஒரு கருவிப்பெட்டிக்கும் இடமில்லை.

ஒன்ராறியோவில் ட்ரெயிலரின் மொத்த எடை 1,360 கிலோவை எட்டினால் அதற்குச் சொந்தப் பிரேக் கட்டாயம். சாதாரண ஜீ வகுப்பு அனுமதிப்பத்திரத்தில் 4,600 கிலோவுக்கு மேற்படாத ட்ரெயிலரை இழுக்கலாம். ஆனால் வாகனமும் ட்ரெயிலரும் சேர்ந்து 11,000 கிலோவைத் தாண்டக்கூடாது. ட்ரெயிலருக்குத் தனி இலக்கத்தகடும் வேண்டும். சட்டம் சொல்லும் எல்லைக்கு முன்பே பிரேக் வேண்டும் என்று சில வாகனக் கைந்நூல்கள் கூறுகின்றன. 1,000 இறாத்தலிலேயே தொடங்குபவையும் உண்டு. கைந்நூலின் எல்லை குறைவாக இருந்தால் அதையே பின்பற்றவேண்டும்.

மின்பிரேக் உள்ள ட்ரெயிலருக்கு வாகனத்தில் ஏழுமுனை மின்னிணைப்பும் பிரேக் கட்டுப்பாட்டுக் கருவியும் தேவை. பல வான்களிலும் சிறிய எஸ்யூவிகளிலும் விளக்குகளுக்கான நான்குமுனை இணைப்பே பொருத்தப்படுகிறது. இந்தச் செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். அந்தக் கருவியால் இன்னொரு பயனும் உண்டு. ட்ரெயிலர் நெளியத் தொடங்கினால் வாகனப் பிரேக்கை மிதிக்காமல் வேகமுடுக்கியிலிருந்து காலை எடுத்து, கருவியைக் கையால் இயக்கி ட்ரெயிலரின் பிரேக்கை மட்டும் மெதுவாகப் பிடிக்கலாம்.

இரட்டை அச்சு ட்ரெயிலர் நேராக ஓடும். ஒரு ரயர் வெடித்தாலும் நிலைகுலைவது குறைவு. எடையும் விலையும் கூடும். உருக்குச் சட்டம் மலிவு, ஆனால் வீதி உப்பில் துருப்பிடிக்கும். அலுமினியம் விலை கூடியது, ஆனால் இலேசானது. சிறிய வாகனம் வைத்திருப்பவர் அலுமினியத்துக்குக் கொடுக்கும் கூடுதல் பணம், பெரிய வாகனம் வாங்கும் செலவை மிச்சப்படுத்தலாம். பழைய ட்ரெயிலர் வாங்குபவர்கள் தரைப்பலகையின் அடிப்பக்கம், ஒட்டுகள், சில்லுத் தாங்கிகள், விளக்குக் கம்பிகள் ஆகியவற்றைப் பார்க்கவேண்டும். தகடு பிடுங்கப்பட்டிருந்தால் வாங்கவேண்டாம்.

புறப்படும் முன்

கணக்கு சரியா என்பதைத் தராசுதான் சொல்லும். நெடுஞ்சாலையோர லொறித் தரிப்பிடங்களில் சிறு கட்டணத்துக்கு எடை பார்க்கலாம். முதல் பயணத்துக்கு முன் எல்லாவற்றையும் ஏற்றி, எல்லோரும் அமர்ந்து ஒருமுறை நிறுத்துப் பார்ப்பது பெறுமதியான வேலை.

கூரையில் படிந்த பனியைத் தள்ளாமல் புறப்படக்கூடாது. 2.1 மீற்றர் அகலமும் 6 மீற்றர் நீளமும் கொண்ட கூரையில் 10 சென்ரிமீற்றர் பனி இருந்தால், கன மீற்றருக்கு 100 கிலோ என்று கொண்டாலும் 126 கிலோ. கணக்கில் 13 கிலோ மட்டும் மிச்சம் வைத்திருந்த அந்த வானை நினைத்துப் பாருங்கள். அந்தப் பனி கட்டியாகிப் பறந்தால் பின்னால் வருபவரின் கண்ணாடியை உடைக்கும்.

பெற்றோல் ஆவி வெளியேறக் காற்றுத் துவாரங்கள் இருக்கவேண்டும். கதவுகளை மூடிய ட்ரெயிலருக்குள் இயந்திரத்தை இயக்கிச் சூடாக்குவதோ, குளிருக்கு ஒதுங்கி அதற்குள் உறங்குவதோ கூடாது. மணமில்லாத காபனோரொக்சைட்டு வாயு ஆளைக் கொல்லும். ட்ரெயிலர் ரயர்கள் பல மணிக்கு 105 கிலோமீற்றருக்கே உரியவை. வாகனத்துக்குக் குளிர்கால ரயர்கள் இருக்கட்டும். நான்கு சில்லு இயக்கம் புறப்பட உதவும், நிறுத்த உதவாது.

இந்தக் கணக்கைச் செய்து பார்த்தபின் விரும்பிய ட்ரெயிலர் பொருந்தவில்லை என்று தெரியவந்தால் மூன்று வழிகள் உள்ளன. உயரம் குறைந்த ட்ரெயிலரைத் தெரிவுசெய்யலாம். ஆட்களை இரண்டு வாகனங்களில் பிரிக்கலாம். வருடத்தில் இரண்டு மூன்று பயணங்கள்தான் என்றால் பொருத்தமான வாகனத்தையும் ட்ரெயிலரையும் வாடகைக்கு எடுக்கலாம், வாடகை ஒப்பந்தம் இழுவையை அனுமதிக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொண்டு. எல்லையைச் சற்றுத் தாண்டினால் பரவாயில்லை என்று யாராவது சொன்னால், கதவிலுள்ள தாளை அவருக்குக் காட்டுங்கள்.